மலைப்பாதையும் இறைமக்களும்: ஆங்கில நாட்டுக் குன்றுகளில் பொதுவழி காத்தோர் வரலாறு

1. முன்னுரை

கெஸ்விக் என்னும் பெயர் தமிழ்நாட்டுத் திருச்சபைகளுக்குப் புதியதன்று. இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகளும் குன்றுகளும் சூழ அமைந்த இச்சிற்றூரில், தூய யோவான் ஆலயத்தின் குருவானவராயிருந்த ஹார்ஃபோர்ட்-பாட்டர்ஸ்பி என்பார், ராபர்ட் வில்சன் என்னும் குவேக்கர் நண்பரோடு இணைந்து 1875-இல் தூய வாழ்வை நாடும் கூட்டங்களைத் தொடங்கினார். கெஸ்விக் கன்வென்ஷன் என்று உலகெங்கும் அறியப்பட்டவை இவையே. தோனாவூரில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஏமி கார்மைக்கேல் அம்மையார், இக்கூட்டத்தாரின் ஆதரவில் முதன்முதலாக அனுப்பப்பட்ட ஊழியர் ஆவார். வில்சன் அவரைத் தம் மகளாகவே பாவித்தவர். ஆகவே கெஸ்விக் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஒப்புக்கொடுத்தலும் தூய்மையும் அருட்பணிக்கான அழைப்புமே.

ஆனால் அதே ஊருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. கன்வென்ஷன் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், அடைக்கப்பட்ட ஒரு மலைப்பாதையைத் திறப்பதற்காக ஏறத்தாழ 2,000 மக்கள் அவ்வூரிலிருந்து கூட்டமாக நடந்து சென்றனர். அவர்கள் தொடர்ந்த இயக்கத்தின் தலைவர் ஒரு குருவானவர். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே மலைநாட்டிற்கு ஆலைத் தொழிலாளரை அழைத்து வந்தவரும் ஒரு போதகரே. தூய வாழ்வை நாடிய கெஸ்விக்கை நாம் அறிவோம். பொதுவழியை நாடிய கெஸ்விக்கை நாம் அறிந்திலோம். இவ்விரண்டாம் வரலாற்றை ஆராய்வதும், மலையில் நடக்கும் உரிமையும் அப்பாதையைப் பேணும் கடமையும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதை அதிலிருந்து காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அடைக்கப்பட்ட பாதை

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களும் கரட்டு நிலங்களும் பாராளுமன்றச் சட்டங்களின் வாயிலாக வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. ஊரார் ஆடு மேய்த்த இடங்கள் செல்வரின் வேட்டைக் காடுகளாயின. எனினும் பழைய நடைபாதைகளுக்கு ஆங்கில வழக்குச் சட்டத்தில் ஓர் அரண் இருந்தது. நிலம் எவருடையதாயினும், மக்கள் நெடுங்காலமாகத் தடையின்றி நடந்துவந்த வழி பொதுவழியாகும் என்பதும், ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பதும் அந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கைகள். ஆனால் நடந்ததற்குச் சாட்சி வேண்டும். நடப்பதற்கு ஆளும் வேண்டும். நடப்பவர் இல்லாவிடில் பாதையில் புல் முளைக்கும். புல் முளைத்த பாதைக்கு வழக்காடுவது அரிது.

இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவை சிறு சங்கங்கள். மான்செஸ்டர் நகரில் பழம்பாதைகளைக் காப்பதற்கென ஒரு கழகம் 1826-இலேயே தோன்றிற்று. அதன் பணியைத் தொடர்ந்த பீக் மற்றும் வடபுல நடைபாதைக் கழகம் 1894-இல் நிறுவப்பட்டு இன்றும் இயங்கி வருகிறது. பாதைகளைப் பார்வையிடுவது, தடைகளைக் குறித்து முறையிடுவது, வழிகாட்டிப் பலகைகள் நடுவது ஆகியவை இக்கழகத்தாரின் பணிகள். கவர்ச்சியற்ற பணியே, ஆயினும் இப்பணி நின்றிருப்பின் எத்தனையோ பாதைகள் மறைந்திருக்கும்.

கெஸ்விக்கில் நிகழ்ந்தது இவ்வாறு. ஊருக்கு வடபுறம் லாட்ரிக் என்னும் குன்று ஏறத்தாழ 1,200 அடி உயரத்தில் எழுந்து நிற்கிறது. முதியோரும் சிறுவரும் ஏறக்கூடிய எளிய குன்று அது. அதன்மேல் செல்லும் வழியை நிலவுடைமைக் குடும்பத்தார் அடைத்தனர். ஏரிக்கரையிலுள்ள ஃபா பார்க் என்னும் தோட்டத்தின் வழியும் அவ்வாறே அடைபட்டது. ஊரார் தங்கள் நடைபாதைப் பாதுகாப்புச் சங்கத்திற்கு மீண்டும் உயிரூட்டினர். அருகிலுள்ள கிராஸ்த்வெய்ட்டில் 1883 முதல் குருவானவராயிருந்த ஹார்ட்விக் ரான்ஸ்லி அதன் தலைவரானார். ஹென்றி ஜென்கின்சன் என்னும் வழிகாட்டி நூலாசிரியர் முன்னின்று செயலாற்றினார். 1887 அக்டோபர் முதல் நாளில் ஏறத்தாழ 2,000 பேர் லாட்ரிக்கின் மேல் நடந்தனர். கப்பல்களில் அளவுக்கு மீறிப் பாரமேற்றலாகாது எனப் போராடி மாலுமிகளின் உயிரைக் காத்த சாமுவேல் பிளிம்சாலும் அவர்களோடு நடந்தார்.

வழக்கு 1888-இல் கார்லைல் நகர நீதிமன்றத்திற்குச் சென்று இணக்கத்தில் முடிந்தது. ஸ்பூனி கிரீன் சந்து வழியாகக் குன்றின் உச்சிக்குச் செல்லும் பாதை மக்களுடையதாயிற்று. மக்கள் கேட்ட மற்றொரு பாதை விட்டுக்கொடுக்கப்பட்டது. முழு வெற்றியன்று இது. ஆயினும் அன்று மீட்கப்பட்ட பாதையில் இன்றும் மக்கள் ஏறிச் செல்கின்றனர்.

இவ்வனுபவம் ரான்ஸ்லியைப் பெரியதோர் எண்ணத்திற்கு நடத்திற்று. பாதையை மட்டும் காப்பது போதாது. நிலத்தையே மக்களின் பெயரால் அறக்கட்டளையாக வைத்துக் காக்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். ஏழைகளின் குடியிருப்புச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டிருந்த ஆக்டேவியா ஹில் அம்மையாரோடும், ராபர்ட் ஹன்டர் என்னும் வழக்கறிஞரோடும் இணைந்து 1895-இல் தேசிய அறக்கட்டளையை அவர் நிறுவினார். 1902-இல் டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேற்கரையிலுள்ள பிராண்டல்ஹோ என்னும் 108 ஏக்கர் காட்டுநிலம், பொதுமக்களிடம் ஐந்தே திங்களில் திரட்டிய 6,500 பவுன் கொண்டு வாங்கப்பட்டது. ஏரிநாட்டில் அவ்வறக்கட்டளை விலைக்கு வாங்கிய முதல் நிலம் அதுவே.

3. கோல்ன் நகரப் போதகர்

ரான்ஸ்லி ஆங்கிலிக்கன் குருவானவர். கல்வியும் செல்வாக்கும் உடையவர். நாம் அடுத்துக் காணும் தாமஸ் ஆர்தர் லெனார்டு வேறொரு மரபினர். 1864-இல் லண்டனில் பிறந்து இளமையிலேயே தந்தையை இழந்தவர். நாட்டிங்ஹாமிலிருந்த காங்கிரிகேஷனல் இறையியல் கூடத்தில் ஜான் பிரவுன் பேட்டன் என்னும் முதல்வரிடம் பயின்றவர். திருப்பணியை ஆலயச் சுவருக்குள் அடைக்கலாகாது என்னும் கொள்கையுடைய பேட்டன், எளியோரும் நன்னூல்களைக் கற்பதற்கென்று 1889-இல் தேசிய இல்ல வாசிப்பு ஒன்றியத்தைத் தொடங்கியவர். ஆசிரியரின் இப்போக்கு மாணவரிடமும் வேரூன்றிற்று.

லெனார்டு 1890-இல் லங்காஷயர் மாவட்டத்திலுள்ள கோல்ன் நகரின் காங்கிரிகேஷனல் சபைக்குப் போதகரானார். பருத்தி ஆலைகளின் ஊர் அது. ஆண்டிற்கொரு வாரம் ஆலைகள் யாவும் ஒருங்கே மூடப்படும். அவ்வாரத்தில் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகக் கடற்கரையிலுள்ள பிளாக்பூல் முதலிய ஊர்களுக்குச் சென்று, ஓராண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கேளிக்கைகளில் செலவிட்டுத் திரும்புவர். இதனைக் கண்ட போதகர் கண்டித்துப் பேசியதோடு நின்றுவிடவில்லை. கண்டனம் செய்வது எளிது. மாற்று வழி காட்டுவதே அரிது. 1891 ஜூன் திங்களில், தம் சபையின் சமூகச் சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது பேரை ஏரிநாட்டிலுள்ள ஆம்பிள்சைடுக்கு நான்கு நாள் நடைப்பயணமாக அழைத்துச் சென்றார்.

இச்செயலின் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நாள் முழுவதும் தறியின் இரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் நின்று உழைத்தவர்கள் அவர்கள். அம்மலைகளைப் பாடிய கவிஞரின் நூல்களை வாசிக்க ஓய்வுடையோரே அதுவரை அம்மலைகளைத் தம்முடையன எனக் கருதியிருந்தனர். ஏரிநாட்டிற்கு இருப்புப்பாதை வரலாகாது என அக்கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தே 1844-இல் எதிர்த்தவர். திரளான தொழிலாளர் வந்தால் மலையின் அமைதி கெடும் என்பதும் அவர் அச்சங்களுள் ஒன்று. அம்மலைகளில்தான் லெனார்டு தம் சபையாரோடு ஏறினார். மலையின் அழகு கற்றோரின் தனிச்சொத்தன்று, படைத்தவர் யாவர்க்கும் அளித்த கொடை என்பதை அவர் பிரசங்கத்தால் அன்றி நடையால் விளக்கினார்.

பேட்டனின் ஒன்றியம் துணைநிற்க, 1893-இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் உருவெடுத்தது. லெனார்டு சில ஆண்டுகளில் சபைப் பொறுப்பை விடுத்து அச்சங்கத்தின் செயலராக முழுநேரம் உழைக்கலானார். எளிய தங்குமிடம், எளிய உணவு, ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே நடத்தல், மாலையில் பாட்டும் சொற்பொழிவும், வசதியற்றோர்க்கு இலவச விடுமுறை என அதன் முறைகள் அமைந்தன.

ஆயினும் நல்ல நோக்கத்தோடு தொடங்கும் நிறுவனங்களுக்கு நேரும் இடர் இதற்கும் நேர்ந்தது. ஆலைத் தொழிலாளருக்கெனத் தோன்றிய சங்கத்தில் நாளடைவில் ஆசிரியரும் எழுத்தரும் வசதியுள்ளோருமே மிகுந்தனர். இதனால் மனநிறைவு குன்றிய லெனார்டு, தாம் கட்டியதைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, 1913-இல் விடுமுறைத் தோழமை என்னும் புதிய அமைப்பை மீண்டும் அடித்தளத்திலிருந்து தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 49. போரை ஏற்காத அவர் பின்னாளில் குவேக்கர் நண்பர் சங்கத்தில் சேர்ந்தார். நடப்போர் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றி, 1948-இல் மறைந்தார்.

4. கிண்டர் ஸ்கௌட்டும் மனமாற்றமும்

பாதைகள் சில மீட்கப்பட்டபோதிலும், பரந்த கரட்டு மேடுகள் அடைபட்டே கிடந்தன. மலைகளில் மக்கள் நடமாட உரிமை கோரும் மசோதாவை ஜேம்ஸ் பிரைஸ் 1884-இல் பாராளுமன்றத்தில் கொணர்ந்தார்; அது சட்டமாகவில்லை. அதன் பின்னரும் அம்முயற்சி பன்முறை தோல்வியுற்றது. மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கிடையே உயர்ந்து நிற்கும் கிண்டர் ஸ்கௌட் மேடு, ஆண்டில் சில நாட்கள் மட்டும் நிகழும் பறவை வேட்டைக்காக ஆண்டு முழுவதும் காவலரால் காக்கப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த அக்காலத்தில், ஞாயிறுதோறும் நகரைவிட்டு நடப்பதே இளைஞர் பலருக்கு இயன்ற ஒரே இளைப்பாறுதலாயிருந்தது.

1932 ஏப்ரல் 24 ஞாயிறன்று, இருபது வயதான பென்னி ராத்மன் என்னும் இளைஞர் முன்னிற்க, சில நூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து அம்மேட்டின்மேல் அத்துமீறி நடந்தனர். காவலரோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐவர் இரண்டு முதல் ஆறு திங்கள் வரை சிறைத்தண்டனை பெற்றனர். அவர்களுள் பலர் யூத இளைஞர். நடப்போர் சங்கங்களின் தலைவர்கள் இச்செயலை ஏற்கவில்லை. பல்லாண்டுப் பேச்சுவார்த்தை பாழாகும் என அஞ்சினர். பொறுமையோடு முறையிடுதல் ஒருபுறம், சட்டத்தை மீறித் துன்பத்தை ஏற்றல் மறுபுறம் என்னும் இவ்விரு போக்குகளுக்கிடையே எழும் பூசல் திருச்சபை வரலாற்றைக் கற்போர்க்குப் புதியதன்று. இவற்றுள் ஒன்றே பயனளித்தது எனக் கூறுதல் இயலாது. சிறைத்தண்டனை மக்களின் மனச்சான்றை எழுப்பிற்று; சங்கங்களின் நீண்ட உழைப்பு அவ்வெழுச்சியைச் சட்டமாக்கிற்று. 1949-இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் நிறைவேறியது. 1951-இல் பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்காவாயிற்று; ஏரிநாடும் அதே ஆண்டில் பூங்காவாயிற்று. டாம் ஸ்டீஃபன்சன் என்னும் இதழாளர் 1935-இல் எழுப்பிய கோரிக்கையின் பயனாக, ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் நெடும்பாதை 1965 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது. மலைகளிலும் கரட்டு நிலங்களிலும் நடமாடும் உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விரிவாக வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் இறையியலாரின் கவனத்திற்குரிய நிகழ்ச்சி இன்னொன்று உண்டு. அத்துமீறல் நிகழ்ந்து எழுபது ஆண்டுகள் நிறைவுற்ற 2002-இல், நடந்தோர் கூடிய அதே இடத்தில், அந்நிலத்திற்கு உடைமையாளராயிருந்த குடும்பத்தின் வழித்தோன்றலான டெவன்ஷயர் பிரபு, தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். தான் செய்யாத தவற்றுக்குத் தன் குலத்தின் சார்பில் மன்னிப்புக் கோருதல் பொருளுடையதா என நாம் வகுப்பறையில் வாதிடுவதுண்டு. நெகேமியாவின் முதல் அதிகாரத்து மன்றாட்டை வாசித்தோர் அதற்கு விடையறிவர்.

5. தேய்ந்த பாதை

உரிமை கிட்டியதோடு வரலாறு முடிந்திருப்பின் அது வெற்றிக் கதையாகவே நின்றிருக்கும். ஆனால் பாதை திறந்தபின்னரே கடினமான பாடம் தொடங்கிற்று. மக்கள் திரளாக வந்தனர். அவர்தம் காலடியில் புல் மடிந்தது. புல் மடிந்த இடத்தில் மழைநீர் ஓடிற்று. நீர் ஓடிய தடம் பள்ளமாயிற்று. பள்ளத்தைத் தவிர்க்க நடந்தோர் அதன் இருமருங்கும் புதுத்தடம் இட்டனர். ஓரடி அகலமாயிருந்த பாதை, சில இடங்களில் பல கஜ அகலமுள்ள புண்ணாக மலைமுகத்தில் விரிந்தது. பென்னைன் பாதை செல்லும் கருஞ்சேற்று நிலத்தில் நடப்போர் முழங்கால்வரை புதைந்தனர். மலையை அடைத்தவர் பகைவராயிருந்த காலம் போய், மலையை நேசித்தவரே அதனை அழிக்கும் காலம் வந்தது.

இதற்கு ஏரிநாட்டார் கண்ட வழி பழமையானது. பொதிக்குதிரைகள் சென்ற காலத்தில் செய்ததைப்போல், பெருங்கற்களை மண்ணில் ஆழப் பதித்துப் படிபோல் அமைத்தனர். குறுக்கே கல்வாய்க்கால் இட்டு நீரைப் பக்கவாட்டில் திருப்பினர். 2001 முதல் தேசிய அறக்கட்டளையும் பூங்கா நிருவாகமும் பிறரும் இணைந்து இப்பணியை நடத்தி வருகின்றனர். கல் பதிப்பது பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை. ஆனால் அக்கல்வழி நிலைப்பது தன்னார்வத் தொண்டரால். அவர்கள் மண்வெட்டியோடு மலையேறி, வாய்க்காலில் அடைந்த சரளையையும் மண்ணையும் அள்ளியெறிகின்றனர். வாய்க்கால் அடைபட்டால் ஒரு பெருமழை போதும், பல நாள் உழைப்பு வீணாகும். அள்ளிய வாய்க்கால் மீண்டும் அடைபடும்; மீண்டும் அள்ள வேண்டும். சபைப் பணியில் நீடித்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

பென்னைன் பாதையில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. புதைசேற்றின்மேல் அகன்ற கற்பலகைகளைப் பரப்பிப் பாதை அமைக்கப்பட்டது. அப்பலகைகளுள் பல, இடிக்கப்பட்ட பருத்தி ஆலைகளின் தளத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை. லெனார்டின் சபையாரைப்போன்ற ஆலைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக நின்று உழைத்த கற்கள் அவை. அடிமைபோல் உழைத்த இடத்தின் கல்லே, இன்று விடுதலையாக நடப்போரின் பாதத்தையும் தாங்குகிறது. மலையின் புண்ணையும் ஆற்றுகிறது.

6. நம் சபைகளுக்கு

இவ்வரலாற்றை அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் நாம் வாசித்து முடிக்கலாகாது. மூன்று கருத்துகள் நம் சிந்தனைக்குரியன.

முதலாவது, வழி மறுத்தல் வேதாகமத்தில் ஒரு பாவமாகவே காட்டப்படுகிறது. எண்ணாகமம் 20-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் ஏதோமிடம் கேட்டது நிலத்தையன்று, வழியையே. வயலையும் திராட்சத் தோட்டத்தையும் மிதியோம், கிணற்றுநீரையும் தொடோம் என உறுதியளித்துக் கேட்டனர். ஏதோம் வாளோடு எதிர்ப்பட்டான். நம் நாட்டிலோ சாதியின் பெயரால் வழி மறுக்கப்பட்டது. வைக்கத்தில் 1924-இல் தொடங்கிய போராட்டம் கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே எழுந்தது. அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானமும் பொதுச்சாலைகளில் யாவரும் நடக்கலாம் என்பதற்காகவே. கல்லறைக்குச் செல்லும் பாதைக்காக இன்றும் வழக்காடும் சிற்றூர்கள் நம்மிடையே உள்ளன. ஒரே ஆலயத்தில் திருவிருந்தில் பங்குபெறுவோர் வெவ்வேறு கல்லறைகளுக்கு வெவ்வேறு வழியில் செல்லும் நிலையும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கெஸ்விக்கின் தூய்மைப் போதனையை ஏற்ற நாம், கெஸ்விக்கின் பொதுவழி வழக்கையும் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நம் மலைகளின் பாதைகளை உண்டாக்கியவர் யார் என்பதை நாம் நினைவுகூர வேண்டும். லெனார்டு பணியாற்றிய அதே காங்கிரிகேஷனல் மரபினரே மதுரை அமெரிக்க மிஷனரிமாரிற் பெரும்பாலோர். அம்மரபு 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துள்ளது. அம்மிஷனரிமார் நோய்க்கும் வெயிலுக்கும் தப்ப 1845-இல் கொடைக்கானலில் இல்லங்கள் அமைத்தனர். மோட்டார் சாலை வருமுன் அவர்கள் மலையேறிய வழி, சுமைகாரரின் தோளால் இயன்ற வழி. நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து சென்றோரின் பெயர்கள் வரலாற்றில் உள. தூக்கிச் சென்றோரின் பெயர்கள் இல. அவர்களுக்கும் முன்னே அம்மலையில் நடந்து தடம் கண்டவர் பளியர் முதலிய மலைவாழ் மக்கள். வாலிபர் முகாமுக்கும் ஓய்வுமுகாமுக்கும் மலையேறும் நம் சபையார் இவ்விரு திறத்தாரின் கடனாளிகள்.

மூன்றாவது, நடப்பவன் பேணவும் வேண்டும். வழிப்போக்கர் பாரம் இறக்கச் சுமைதாங்கிக் கல் நாட்டியதும், கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததும் நம் முன்னோரின் அறம். ஏசாயா 58-ஆம் அதிகாரம், மெய்யான உபவாசத்தின் விளைவுகளைக் கூறுமிடத்தில், பாழிடங்களைக் கட்டுவோரோடு பாதைகளைச் சீர்செய்வோரையும் சேர்த்தே பேசுகிறது. நம் வாலிபர் சங்கம் மலையேறும்போது கொண்டுசெல்வனவற்றுள் பாட்டுப் புத்தகமும் உணவுப் பொட்டலமும் உண்டு. ஒரு மண்வெட்டியும், பிறர் எறிந்த குப்பையை எடுத்துவர ஒரு சாக்கும் இருந்ததுண்டா? வனத்துறையின் இசைவோடு ஒரு மலைத்தடத்தை ஆண்டுதோறும் சீர்செய்யும் பொறுப்பை ஒரு குருசேகரம் ஏற்பின், படைப்பைக் குறித்த நம் பிரசங்கங்களுக்கு அது பொருள் கூட்டும்.

டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கு மேலே கேட்பெல்ஸ் என்னும் மலைச்சரிவில் லெனார்டின் நினைவாக ஒரு கற்பலகை பதிக்கப்பட்டுள்ளது. அதன் கீழே ரான்ஸ்லி முன்னின்று மீட்ட பிராண்டல்ஹோ காடு. எதிர்க்கரையில் கன்வென்ஷன் கூடும் கெஸ்விக். ஏராளமானோர் ஏறுவதால் மிகவும் தேய்ந்த பாதைகளுள் கேட்பெல்ஸ் பாதையும் ஒன்று. அப்போதகரின் நினைவுக்கல்லைக் கடந்து செல்லும் தொண்டர் எவரோ மண்வெட்டியோடு சென்று வாய்க்காலில் அடைந்த மண்ணை அள்ளுகிறார். அவர் இறையியல் பயின்றவரல்லர்; ஒருவேளை ஆலயத்திற்குச் செல்பவரும் அல்லர். ஆயினும் அவர் செய்வது நாம் செய்யத் தவறிய பணி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.